எழுதியவர்: சூர்யகலா தணிகாசலம்

அந்த வீட்டில் காலைப் பாத்திரம் துலக்குவது முத்துவேல்தான். செய்யார் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஆரணிக்கு வந்து இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டியதும் நேரே பின்பக்கக் குழாயடிக்குப் போய்விடுவார். தூக்கம் அதற்குப் பிறகு. மனைவி சூர்யகலா வீட்டிலிருந்தபடியே எழுதும் வேலையை எடுத்துக்கொண்டபோது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பேசி வைத்துக்கொண்டார்களே தவிர முணுமுணுப்பு நின்றபாடில்லை.

"எழுதறது மெஷினு. பேரு உனக்கு. அடி புடிச்ச பால் பாத்திரம் எனக்கு."

"மெஷினுக்குத் துலக்கத் தெரிஞ்சா அதையும் சொல்லிட மாட்டேனா?" என்றாள் சூர்யகலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நின்றுகொண்டுதான் வேலை செய்வாள். இஸ்திரி மேசையின் மேல் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகள், அவற்றின் மேல் லேப்டாப். பட்டுக் கடையொன்றில் பன்னிரண்டு வருஷம் பில் போட்டு, முதுகுத்தண்டில் தட்டு நழுவி, அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் வீட்டோடு வந்தவள். அப்பா தணிகாசலம் இருந்தவரை கூலிக்கு நெய்தார். சேலை இவளுக்குப் புதிதில்லை, விற்பதும் புதிதில்லை. அதனால்தான் ஆரணியில் கடை வைத்து இணையத்திலும் சேலை விற்கும் தென்னரசு, இவளைவிட எட்டு வயது சின்னவன், தேடி வந்து கேட்டான்: "அக்கா, உங்களுக்குச் சேலையும் தெரியும், தமிழும் வரும். நம்ம சைட்டுக்கு எழுதிக் குடுங்க. ஜனங்க கூகுள்ல எதைத் தேடினாலும் நம்ம பக்கம்தான் மொதல்ல வரணும்."

அவன் இவளை அக்கா என்பான். இவள் அவனை சார் என்பாள்.

ஆரம்பத்தில் ஒரு பதிவு எழுத இரண்டு நாள் ஆனது. அடித்து அடித்துத் திருத்துவாள். பிறகு தென்னரசே ஏஐ-யைக் காட்டிக்கொடுத்தான். அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை சூர்யகலா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் எழுதும். அதனால் ஒவ்வொரு முறையும் விவரமாக உத்தரவு போடுவாள்: நீ ஆரணியில் இருபது வருஷமாகப் பட்டுச் சேலை விற்கிற ஆள். படிக்கிறவர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஓர் அம்மா. அவருக்கு நம்பிக்கை வரும்படி எழுது. இந்தச் சொல் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வரவேண்டும். இடையில் சின்னச் சின்னத் தலைப்பு, கடைசியில் கேள்வி பதில்.

இந்த உத்தரவைத் தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உத்தரவைக் கொடுத்தால், பால் பொங்குவதற்குள் முழுக் கட்டுரை வந்து நிற்கும். சில நாள் பால்தான் தோற்றுப்போய் அடிபிடிக்கும்.

முதலில் வரி வரியாகப் படித்தாள். 'அன்பார்ந்த பெண்மணிகளே' என்று அது ஆரம்பித்தால் வெட்டுவாள். தென்னரசு வாரத்துக்கு இரண்டு கேட்டது போய், தினம் ஒன்று கேட்டது போய், தினம் மூன்று கேட்கத் தொடங்கியபோது தலைப்பையும் கடைசிப் பத்தியையும் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு வரி இருக்கும். அதை வைத்தது தென்னரசு. 'எழுதியவர்: சூர்யகலா தணிகாசலம். ஆரணி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்.'

"நெஜமான ஆள் எழுதின மாதிரி இருக்கணும் அக்கா. அப்பதான் நம்புவாங்க."

நெஜமான ஆள்தானே நான், என்று அவள் அன்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வேலை நிலைத்தால் முத்துவேல் இரவு ஷிஃப்டை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. அதனால் தென்னரசுவின் போன் எப்போது அடித்தாலும் முதல் மணியிலேயே எடுப்பாள். அன்று காலையும் அப்படித்தான் எடுத்தாள்.

"அக்கா, அந்த டெஸ்டட் ஜரி பதிவு இருக்குது இல்ல, அதை மாத்திடுங்க. ஜல்தி. மத்ததெல்லாம் அப்புறம்."

"அதையா? மொதல் எடத்துல நிக்குது, கையே வெக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க சார்?"

"படிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். சொந்தமா எழுதறதா இருந்தாலும் பரவால்ல. இப்பவே மாத்துங்க." வைத்துவிட்டான்.

சூர்யகலா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் போட்ட பதிவு. தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியும் நன்றாக இருந்தது. அன்று இரண்டையும் பார்த்திருக்கிறாள். நடுவில் இருந்ததை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள்.

'டெஸ்டட் ஜரி என்பது பரிசோதனைக் கூடத்தில் சோதித்து, தரம் உறுதி செய்யப்பட்ட ஜரி ஆகும். மகளின் திருமணத்துக்குச் சேலை எடுக்கும் தாய்மார்கள் டெஸ்டட் ஜரியா என்று கேட்டு வாங்குவது நல்லது.'

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அதே வரியை இன்னொரு முறை படித்தாள்.

ஆரணியில் ஜரி வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், அதை வைத்து நெய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வெள்ளியும் தங்கமும் சேர்ந்த சரிகைதான் அசல் ஜரி. செம்புக் கம்பிக்குத் தங்க நிறம் ஏற்றினால் அதற்குப் பெயர் டெஸ்டட். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. சர்க்கரை என்றால் சர்க்கரை என்பது போல, டெஸ்டட் என்றால் டெஸ்டட். மலிவு, தப்பில்லை, ஆனால் அசல் இல்லை. உத்தரவில் அந்தச் சொல்லைப் போட்டபோது அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏஐ-க்கு ஆரணி வழக்கு தெரியாது. சொல்லைப் பார்த்து அர்த்தத்தைத் தானே கற்பித்துக்கொண்டது. நம்பிக்கை வரும்படி எழுது என்று சொல்லியிருந்தாள். எழுதியிருந்தது.

"இன்னாத்துக்கு மரம் மாதிரி நிக்கற?" குழாயடியிலிருந்து முத்துவேல் கேட்டார்.

அவள் பக்கத்தைத் திருத்துகிற இன்னொரு ஜன்னலைத் திறந்து, பொய்யான பத்தியை அழித்து, செம்பு என்றும் அசல் இல்லை என்றும் மெஷினைக் கேட்காமல் நாலு வரி தானே எழுதினாள். வெளியிடும் நீலப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை அதன்மேல் போனபோது வாசலில் குரல் கேட்டது.

"சூர்யகலான்றது யாரு இங்க? தணிகாசலம் மவ?"

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. பக்கத்து ஊரான சேத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பெயர் சாவித்திரி. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"கடையில பில் போடற பொண்ணு உன் ஊட்டைச் சொல்லிச்சு. நேத்து சாயங்காலம் போனேன் அந்தக் கடைக்கு. பில்லுல டெஸ்டட்டுன்னு போட்டுத்தானே குடுத்தோம், எங்க மேல இன்னா தப்புன்னு கேக்கறான் அந்தப் பையன். நெட்டுல எழுதினது நாங்க இல்ல, அந்தம்மாதான்னு சொல்றான்."

"நீங்க சேலை எடுத்தீங்களாக்கா?"

"எம் பொண்ணு கலைமகளுக்கு. பொண்ணழைப்புச் சேலை நாங்கதானே எடுக்கணும். அவதான் போன்ல படிச்சுக் காட்டினா. நெசவாளி ஊட்டுப் பொண்ணு எழுதியிருக்குதும்மா, டெஸ்டட்டான்னு கேட்டு வாங்கணுமாம்னு. நானும் கேட்டேன். டெஸ்டட்டுதாம்மான்னு எடுத்துக் குடுத்தாங்க." சாவித்திரி மூச்சு வாங்கினார். "சம்பந்தி ஊடு இந்த ஊருதான். ஜரிக் கடை துரை ஊடு. மண்டபத்துல அவங்க ஜனம் எல்லாம் நிக்கும்போது, நான் வாயை வெச்சுகினு சும்மா இருக்கல. எம் பொண்ணுக்கு டெஸ்டட் ஜரி எடுத்திருக்கறோம்னு சத்தமா, பெருமையா சொன்னேன்மா. எல்லாரும் சிரிச்சாங்க. சந்தோஷத்துல சிரிக்கறாங்கன்னு நானும் கூடச் சிரிச்சேன்."

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"நாங்க முகூர்த்தத்துக்கு அசல் எடுத்தோம், இவ எங்க ஊருக்கே வந்து எங்க காதுலயே டெஸ்டட்டுன்னு சொல்லி நக்கல் பண்றாளேன்னு சம்பந்தி அம்மாவுக்குக் கோவம். தெரிஞ்சேதான் வாங்கினேன்றாங்க. எனக்கு அப்படித்தான் எழுதியிருந்துதுன்னா, காட்டுன்றாங்க. எனக்கு எங்க காட்டத் தெரியும்? எம் பொண்ணு வாயைத் தொறந்தா, நீ சும்மா இருன்றாங்க. ரெண்டு மாசமா எம் பொண்ணு அந்தப் பேச்சைக் கேட்டுகினு இருக்கறா. இன்னிக்கு வந்து சேலையை எடுத்துகினு போன்னு சொல்லிட்டாங்க. சேலை திரும்பி வந்துட்டா அப்புறம் எம் பொண்ணுக்கு அந்த ஊட்டுல இன்னா மரியாதை?"

சூர்யகலா திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். ஒரு ஜன்னலில் பழைய பக்கம். இன்னொன்றில் திருத்திய நாலு வரி, நீலப் பொத்தான். அழுத்தியிருந்தால் பழைய பக்கம் அழிந்து, இந்த அம்மாளுக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது; அவளோ நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்திருப்பாள். தென்னரசு எதற்கு இவ்வளவு அவசரப்பட்டான் என்பது இப்போது புரிந்தது.

போன் அடித்தது. தென்னரசு. எடுக்கவில்லை.

"அப்படி எழுதியிருந்தது நெஜந்தாங்க்கா," என்றாள். "என் பேருதான் போட்டிருக்குது."

"அப்போ நீ வந்து சொல்லு. எழுதின நீயே வந்து, இந்தம்மா தெரியாமதான் வாங்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

முத்துவேல் ஈரக் கையோடு வந்து நின்றவர் அவளை உள்ளே கூப்பிட்டார். தணிந்த குரலில் பேசினார். "போட்டோ புடிச்சு அனுப்பிட்டு விடு. ஊட்டுக்கெல்லாம் போவாத. ஜரிக் கடைக்காரங்க, ஒரு நாளுக்குள்ள ஊரு பூரா பேசிடுவாங்க. அந்தப் பையன் உன்ன நிறுத்திடுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"போட்டோவை நம்பறவங்க அந்தம்மா பேச்சையும் நம்பியிருப்பாங்க." கொடியிலிருந்து வேறொரு சேலையை எடுத்தாள். "என் பேரைப் பார்த்துத்தாங்க வாங்கியிருக்குது அந்தம்மா."

போன் மறுபடி அடித்தது. முத்துவேல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பைக்குல மூணு பேர் போவ முடியாது. உன் முதுகு வேற," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்குப் போனார்.

முத்துவேல் வாசலில் ஆட்டோவோடு நின்றுகொண்டார். துரை வீட்டுக் கூடத்தில் டீப்பாயின் மேல் சேலை தயாராக இருந்தது, கடையின் கவரோடு. துரை கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரங்கம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் ஆகாஷ் கதவோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள் கலைமகள் அம்மாவைப் பார்த்ததும் ஓர் அடி வந்தாள். மாமியாரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வாங்க சம்பந்தி. சாட்சியைக் கையோட கூட்டிகினு வந்துட்டீங்களா?"

சூர்யகலா லேப்டாப்பைத் திறந்து சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ரங்கம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவசரமில்லாமல், அடி வரி வரைக்கும் படித்தார்.

"தணிகாசலம்னா, கூலிக்கு நெய்யறவரு, நம்ம கடைக்கு வருவாரே. அவரு பொண்ணா நீ?"

"ஆமாங்க."

"அவரு பொண்ணுக்கு டெஸ்டட்டுனா இன்னான்னு தெரியாது?"

"தெரியும்ங்க."

"அப்போ தெரிஞ்சே பொய் எழுதினே."

"இல்லீங்க. நான் எழுதல. ஏஐ கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுக்கும். அது தப்பா எழுதியிருக்குது. நான் படிக்காம போட்டுட்டேன்."

ரங்கம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்குதே! ஒருத்தி தெரியாம வாங்கிட்டேன்றா. ஒருத்தி படிக்காம எழுதிட்டேன்றா. நாங்கதான் ஒண்ணும் தெரியாத ஜனம், எல்லாத்தையும் நம்பிகினு உக்காந்திருக்கணும்." மகனிடம் திரும்பினார். "டேய், உன் போன்ல போட்டுப் பாரு. இது இவங்க பொட்டிக்குள்ள இருக்கறது."

ஆகாஷ் தேடினான். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"ம்மா, இதுல வேற மாதிரி இருக்குதே. டெஸ்டட் ஜரி என்பது செம்புக் கம்பியில் செய்யப்பட்டது, அசல் ஜரி அல்லன்னு போட்டிருக்குது."

"அடியில பேரு?"

"சூர்யகலா தணிகாசலம்."

சாவித்திரி சூர்யகலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நிற்பது முதுகு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உன் பொட்டிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?" என்றார் ரங்கம்மாள். "எவ்வளவு குடுத்தாங்க சம்பந்தி உனக்கு, வந்து சொல்லச் சொல்லி?"

"அத்தே, நான் படிச்சேன் அத்தே, அப்ப இப்படி இல்ல..." கலைமகள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. உங்கம்மாவுக்கு மேல நீ."

சூர்யகலாவின் கையில் போன் மறுபடி அடித்தது. அவள் ஒரு கணம் அதன் திரையைப் பார்த்தாள். பிறகு எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, சேலைக் கவரின் மேல் வைத்தாள்.

"சொல்லுங்க சார்."

"அக்கா, எத்தினி வாட்டி போன் பண்றது? இன்னா பேஜாரு இது." தென்னரசுவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "சரி விடுங்க, நானே மாத்திட்டேன். பழசு இனிமே எங்கயும் இருக்காது. அந்தச் சேத்துப்பட்டு அம்மா உங்க ஊட்டுக்கு வந்தா நீங்க ஒண்ணும் ஒத்துக்காதீங்க. பரிசோதனை கிரிசோதனைன்னு நாம எழுதவே இல்ல, ஆரம்பத்துலருந்தே செம்புன்னுதான் போட்டிருந்தோம்னு சொல்லிடுங்க. அவங்களால காட்ட முடியாது. புரியுதாக்கா?"

ஆகாஷ் தன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அக்கா? லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன் சார். ஜரிக் கடை துரை சார் ஊட்டுல இருக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போகும் ஓசை கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. அவன் திட்டியிருந்தால்கூட ஒரு பேச்சு மிச்சமிருந்திருக்கும் என்று சூர்யகலாவுக்குத் தோன்றியது. போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் பாதியில் விட்டு வந்த மூன்று பதிவுகள் நினைவுக்கு வந்தன. அவற்றை இனி முடிக்க வேண்டியதில்லை.

சாவித்திரிக்கு இப்போதுதான் கண் கலங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுகினீங்களா சம்பந்தி? இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

ரங்கம்மாள் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஃபேனு ஏன்டா இப்படிச் சத்தம் போடுது? ஆளைக் கூப்புடுன்னு எத்தினி நாளா சொல்றேன்."

"கூப்பிடறேம்மா," என்றான் ஆகாஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காப்பி போடச் சொல்லட்டுமா உங்களுக்கு?" ரங்கம்மாள் சூர்யகலாவைக் கேட்டார். குரலில் முன்பிருந்த ஏளனம் இல்லை. வேறு எதுவும் கூட இல்லை.

"வாணாங்க. ஆட்டோ நிக்குது."

சொன்னாளே தவிர அவள் கிளம்பவில்லை. சாவித்திரியும் எழுந்திருக்கவில்லை. சேலை டீப்பாயின் மேல் அப்படியே இருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டே முறை பிரித்த சேலை. மடிப்பு ஓரத்தில் ஜரி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. அசலா இல்லையா என்று பார்வையில் சொல்ல முடியாது.

கலைமகள் முன்னால் வந்தாள். மாமியாரின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அத்தே, இத அம்மாகிட்ட குடுத்து அனுப்பணுமா? இல்ல, உள்ள எடுத்து வெக்கட்டுமா?"

ரங்கம்மாள் லேப்டாப் திரையைப் பார்த்தார். அது தானாகவே இருண்டிருந்தது.

"அத்தே?"

ஆகாஷ் தொண்டையைச் செருமினான். பேசுவான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மறுபடி போனைப் பார்த்தான். சாவித்திரி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கலைமகள் குனிந்து, சேலையைக் கவரிலிருந்து வெளியே எடுத்தாள். கவரை மட்டும் டீப்பாயிலேயே விட்டாள். மடிப்பு கலையாமல் சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பீரோ இருந்த உள்ளறைக்குப் போனாள்.